வறுக்காத மல்லி வாசனை: காரைக்கால்ல கோதுமை பீருக்கு மார்க் போட்டுப் பழகின ஒரு மாசம்

நேத்து ராத்திரி மொட்டை மாடில உக்காந்து அஞ்சு பேரோட மார்க் ஷீட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன், ஒரே பீருக்கு அதிகபட்சம் 50-க்கு 36, குறைஞ்சது 31. அஞ்சே பாயிண்ட் வித்தியாசம். ஒரு மாசத்துக்கு முன்னாடி இதே அஞ்சு பேரு இதே பீருக்கு போட்டது 44-லேருந்து 22 வரைக்கும் போச்சு. அதனால என்னென்ன பண்ணோம், எங்கெங்க தப்புப் பண்ணோம்னு மறக்குறதுக்குள்ள எழுதி வெச்சுடலாம்னு உக்காந்துட்டேன்.

பீர் காய்ச்சின கதைன்னு நெனச்சு வந்தீங்கன்னா அது இல்ல. லைசென்ஸ் இல்லாம வீட்ல காய்ச்ச முடியாது, அதுல நான் எறங்கவும் இல்ல. கடைல வாங்குன பாட்டில ஒழுங்கா ருசி பாத்து இது நல்லாருக்கா இல்லியா, ஏன்னு சொல்லத் தெரியணும், அவ்ளோதான் ஆசை. எடுத்துக்கிட்டது பெல்ஜியம் வகை கோதுமை பீர், விட்பியர்னு சொல்வாங்க, டச்சு மொழில விட்னா வெள்ளை. பிரெஞ்சுல பியேர் ப்ளான்ஷ், காரைக்கால் பக்கம் அந்தக் காலத்து ஆளுங்களுக்கு இந்தப் பேரச் சொன்னா சட்டுனு புரியுது. முளைகட்டாத பச்சைக் கோதுமை பாதி, மால்ட்னு சொல்ற முளைகட்டி காய வெச்ச பார்லி பாதி, சில பேரு கொஞ்சம் ஓட்ஸும் போடுவாங்க, கூட கொத்தமல்லி விரையும் கசப்பு ஆரஞ்சுத் தோலும். பெல்ஜியத்துல ஹூகார்டன்ங்குற ஊர்ல இந்த வகை 1950-கள்ல சுத்தமா நின்னே போச்சு, அந்த ஊர்ப் பால்காரர் பியர் செலிஸ்ங்குறவரு, சின்ன வயசுல பக்கத்துல இருந்த பீர் காய்ச்சுற ஆலைல ஒத்தாசைக்குப் போய் வந்தவரு, 1960-கள்ல திரும்ப அத ஆரம்பிச்சாரு. நம்ம ஊர் மளிகைக் கடைல கிடைக்குற மல்லி ஒரு பீர்ல இருக்குன்னு தெரிஞ்சதும்தான் எனக்கு இதுமேல பிடிப்பு வந்துச்சு.

மொதல் ராத்திரி மொத்தமா சொதப்பல். ஏப்ரல் கடைசி, நாலு விதம், விதத்துக்கு மூணு பாட்டில்னு 330 மி.லி. பாட்டில் 12 வாங்குனேன், 1,900 ரூபா ஆச்சு. கும்பகோணத்துலேருந்து சித்தப்பா பையன், மயிலாடுதுறைலேருந்து ஒரு ஃப்ரெண்டு, மச்சான், பக்கத்து வீட்டு அண்ணன், நான். மார்க் ஷீட் மட்டும் ஒழுங்கான ஷீட்டு, பீர் ஜட்ஜுங்களுக்கு பரீட்சை வெச்சு சர்டிஃபிகேட் குடுக்குற பி.ஜே.சி.பி.ங்குற அமைப்போட முறை, போட்டிகள்ல பயன்படுத்துறது, அதுல வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாய்ல இருக்குற உணர்வுக்கு 5, மொத்தமா எப்படி இருக்குங்குறதுக்கு 10, ஆக 50. மத்ததெல்லாம் தப்பு. பக்கத்துல வஞ்சிரம் வறுவல், எவர்சில்வர் டம்ளர், பாட்டில் லேபிள் எல்லாருக்கும் தெரியுற மாதிரி நடுவுல, ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த கையோட ஊத்தல். ஆளுக்கு ஒரு விதத்துல 200 மி.லி. போல ஊத்துனதுல நாலாவது பீர் வர்றப்போ எல்லாரோட மார்க்கும் தானா ஏறுது, ஷீட்டப் பாத்தா அது பளிச்சுனு தெரியுது. விலை ஜாஸ்தியான பாட்டிலுக்கு நான் 44 போட்டுருக்கேன், மச்சான் அதுக்கே 22 போட்டுட்டு வாசனைங்குற எடத்துல ஒரே ஒரு வார்த்த எழுதியிருந்தாரு: ரசம்.

அன்னிக்கு ராத்திரி எல்லாரும் வண்டி எடுக்காம மாடியிலேயே படுத்துட்டாங்க, எனக்கு மட்டும் தூக்கம் வரல, அந்த ரசம்ங்குற வார்த்தையே சுத்திச் சுத்தி வந்துச்சு. ஏன்னா மச்சான் சொன்னது பொய் இல்ல. எனக்கும் ரசப்பொடி வாசனைதான் வந்துச்சு, ஆனா படிச்சதுல எல்லாம் இந்த பீர்ல மல்லி எலுமிச்சை மாதிரி, பூ மாதிரி மணக்கணும்னு இருந்ததால அதையே ஷீட்ல எழுதிட்டேன்.

காலைல அம்மாகிட்ட கேட்டேன். அம்மா பீரத் தொட மாட்டாங்க, ஆனா மூக்கு அவங்களுதுதான் வீட்லயே கூர்மை. "மல்லிய வறுத்தாதானேப்பா வாசனை வரும்"னாங்க. சரி பாத்துடுவோம்னு ரெண்டு கிராம் மல்லிய வறுத்து இடிச்சேன், இன்னொரு ரெண்டு கிராம அப்படியே பச்சையா அம்மில ரெண்டு இழுப்பு இழுத்து ஒடைச்சேன். தனித்தனிக் கிண்ணத்துல வெச்சு அம்மாவ கண்ண மூடி மோந்து பாக்கச் சொன்னா, வறுத்தத ரசப்பொடின்னு சொன்னாங்க, பச்சையா இருந்தத மோந்துட்டு கொஞ்ச நேரம் பேசல, "இது என்ன, நாரத்தங்காத் தோல் மாதிரில்ல இருக்கு"ன்னாங்க. எனக்கு அங்கதான் சங்கதி பிடிபட்டுச்சு. பொறந்ததுலேருந்து மல்லிய நாம வறுத்தேதான் மோந்துருக்கோம், இல்லன்னா பொடியாக்கி கொழம்புல கொதிக்க வெச்சு. அதனால மல்லி சாயல் எங்கருந்து வந்தாலும் மூளை நேரா அடுப்பங்கரைக்குப் போயிடுது. வறுக்காத மல்லியோட வாசனைய தனியா மனசுல பதிய வெச்சாதான் இந்த பீர ஜட்ஜ் பண்ணவே முடியும். அடுத்த நாலு வாரமும் இந்த ஒரு வேலைதான், மத்ததெல்லாம் அதுக்கு ஒத்தாசை.

மாதிரித் தண்ணி தயார் பண்றதுல எறங்குனேன். வறுக்காத மல்லி விரை 2 கிராம ஒடைச்சு 100 மி.லி. சுடுதண்ணில பத்து நிமிஷம் ஊற வெச்சு, பழைய வேட்டித் துணில வடிகட்டி எடுத்துக்கிட்டேன். லாகர்னு சொல்ற, எல்லாக் கடைலயும் கிடைக்குற சாதாரண பீர 100 மி.லி. எடுத்து அதுல இத ஊத்தி மோந்து பாக்கணும். மொதல் தடவ அவசரத்துல சூடாவே ஊத்திட்டேன், நுரை பொங்கி மேசையெல்லாம் வழிஞ்சு கேஸ் மொத்தமும் போயிடுச்சு. தண்ணிய ஆற வெச்சு ஃப்ரிட்ஜ்ல பீர் அளவுக்கு குளிர வெச்சுட்டுதான் ஊத்தணும். அளவுக்கு மெடிக்கல் ஷாப்ல ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்ச் ரெண்டு வாங்குனேன், 20 ரூபா, இந்த மொத்த வேலைலயும் இதுமாதிரி உபயோகமான சாமான் வேற எதுவும் இல்ல. 100-க்கு 2 மி.லி. போட்டா ஒண்ணும் தெரியல, 5 மி.லி. போட்டா அழகா எலுமிச்சைப் பூ மாதிரி மேல வருது, 10 மி.லி. போட்டா சோப்புக் கரைசல் மாதிரியும் கீரைத் தண்டு மாதிரியும் ஆகிடுது. அந்த 10 மி.லி. கிளாஸ கீழ கொட்டிடலாம்னு நெனச்சேன், நல்லவேளை கொட்டல, ஏன்னா மல்லி அதிகமான விட்பியர்ல வர்ற குறையே இதுதான், காய்கறி மாதிரி, சோப்பு மாதிரி. குறைக்கும் ஒரு மாதிரி வேணும்ல.

ஆரஞ்சுத் தோலுக்கு கடை ஆரஞ்சு வேணாம்னு முடிவு பண்ணேன், அதுல இனிப்பு வாசனைதான் ஜாஸ்தி. பீர்ல போடுறது கசப்பு ஆரஞ்சு. கொல்லைல நாரத்த மரம் இருக்கு, அதே பழம்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்தக் கசப்பு மணத்துக்கு எனக்குத் தெரிஞ்சு இதுதான் ரொம்பக் கிட்ட வருது. மொதல்ல தோல கத்தியால சீவுனேன், உள்ள இருக்குற வெள்ளைப் பஞ்சும் சேந்து வந்து வெறும் கசப்புத்தான் மிஞ்சுச்சு, மணம் இல்ல. அப்புறம் உருளைக்கிழங்கு தோல் சீவுற பீலரால பச்சை மட்டும் வர்ற மாதிரி மெலிசா ஒரு கிராம் எடுத்து அதே 100 மி.லி. கணக்குல போட்டேன், சரியா வந்துச்சு. ரெண்டையும் கலந்து 3 மி.லி. மல்லி, 2 மி.லி. நாரத்தைன்னு லாகர்ல போட்டு நீட்டுனா மச்சான் மோந்துட்டு "இது அன்னிக்கு குடிச்ச ரசம்தானே"ன்னு ஆரம்பிச்சு பாதிலயே நிறுத்திட்டாரு. நிறுத்திட்டு திரும்ப மோந்தாரு. "இல்ல மாப்ள, இது வேற"ன்னாரு. அந்த ரெண்டாவது மோப்பம்தான் எனக்கு வேண்டியிருந்துச்சு.

அடுத்து வாழைப்பழமும் கிராம்பும். ஜெர்மன் கோதுமை பீர்ல இது ரெண்டும் தூக்கலா இருக்கும், பெல்ஜியம் வகைல லேசா எட்டிப் பாத்தா போதும், வாழைப்பழம் முன்னால வந்து நின்னா மார்க் கொறைக்கணும். நமக்கு இதுல பழக்கம் தேவையே இல்ல, டெல்டாக்காரனுக்கு வாழைப்பழம் சொல்லித் தரணுமா. சித்தப்பா பையன் "ரஸ்தாளி வாசனை வருது, பூவன் இல்ல"ன்னு எழுதுற அளவுக்கு நுணுக்கமா போயிட்டான். கிராம்புலதான் ஒரு சிக்கல். ஒத்தக் கிராம்ப 100 மி.லி. சுடுதண்ணில ஊற வெச்சு கலந்து குடுத்தா நாலு பேரு கண்டுபிடிச்சுட்டோம், பக்கத்து வீட்டு அண்ணனுக்கு மட்டும் எவ்ளோ கூட்டுனாலும் தெரியல. ரெண்டு நாள் யோசிச்சப்புறம்தான் உறைச்சுச்சு, அவர் வெத்தல போடுறவரு. வெத்தலையிலயும் கிராம்புல இருக்குற அதே யூஜினால்ங்குற வாசனைச் சரக்கு இருக்கு, வாய்லயும் மூக்குலயும் அதுவே நெறஞ்சு நின்னா வெளியிலேருந்து வர்ற கிராம்பு எப்படித் தெரியும். கேட்டதுக்கு அவரு மறுபேச்சு பேசல, அடுத்த தடவ காலைலேருந்தே வெத்தல போடாம வந்தாரு, பாவம் சாயங்காலம் வரைக்கும் கொட்டாவி விட்டுக்கிட்டே இருந்தாரு, ஆனா கிராம்ப மொத ஆளா கண்டுபிடிச்சாரு. அதுக்கப்புறம் விதி: ருசி பாக்குறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடிலேருந்து வெத்தல, காபி, சிகரெட் கிடையாது, வெள்ளிக்கெழம சாயங்காலம் கிடையவே கிடையாது, வீடு முழுக்க சாம்பிராணி.

கெட்டுப் போன பீர் எப்படி இருக்கும்னு தெரியாம நல்லதுக்கு மார்க் போடக் கூடாதுன்னு ரெண்டு பாட்டில வேணும்னே கெடுத்தேன். ஒரு லாகர கண்ணாடி கிளாஸ்ல ஊத்தி மேல தட்டப் போட்டு மூடி மத்தியான வெயில்ல மாடில இருபது நிமிஷம் வெச்சேன், நிழல்ல அதே பீர் இன்னொரு கிளாஸ்ல. வெயில்ல இருந்தத எடுத்து மோந்தா சிலிண்டர் கசியுறப்போ வர்ற வாசனையோட ஒரு சாயல், எரிஞ்ச ரப்பர் கலந்த மாதிரி. கேஸுக்கு வாசனைக்காக சேக்குற கந்தகச் சரக்கும் பீருக்குக் கசப்பு குடுக்குற ஹாப்ஸ்ங்குற பூவோட கசப்புலேருந்து வெளிச்சம் பட்டு உண்டாகுறதும் ஒரே குடும்பம், தயால்னு பேரு. வெள்ளை பாட்டிலயும் பச்ச பாட்டிலயும் இது சீக்கிரம் வரும், பழுப்பு பாட்டில் கொஞ்சம் காப்பாத்தும். இனிமே கடைல வெயில் படுற ஷெல்ஃப்லேருந்து நான் எடுக்க மாட்டேன்.

இன்னொரு பாட்டில பரண்ல போட்டேன், 14 நாள். தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்தா மத்தியானத்துல 39 டிகிரி. எறக்கி ஃப்ரிட்ஜ்ல குளிர வெச்சு தொறந்தா ஈர அட்டைப் பெட்டி வாசனை, மழைல நனைஞ்ச பழைய நோட்டு மாதிரி, ருசில உயிரே இல்ல. இதுல என் மனசுக்கு கஷ்டமான விஷயம் என்னன்னா, மொத ராத்திரி குடிச்ச நாலுல ஒண்ணுல இதே வாசனை இருந்துச்சுன்னு அப்பதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு, அத நான் "கோதுமை வாசனை"ன்னு எழுதி 34 மார்க் போட்டிருந்தேன். வெயில் காலத்துல லாரில வர்ற சரக்கு, குடோன்ல எத்தன நாள் கெடந்துச்சோ. அதுக்கப்புறம் பாட்டில்ல அடைச்ச தேதி பாக்காம நான் வாங்குறதே இல்ல, ரெண்டு மாசத்துக்கு உள்ள இருந்தா எடுப்பேன், இல்லன்னா வெச்சுட்டு வந்துடுவேன்.

கிளாஸ் விஷயத்துக்கு வர்றேன். எவர்சில்வர்ல கலரும் தெரியாது நுரையும் தெரியாது. கண்ணாடி கிளாஸ் ஆறு வாங்குனேன், ஒண்ணு 85 ரூபா. மேல கொஞ்சம் குறுகலா இருக்குற மாதிரி எடுத்தேன், வாசனை நிக்கும். பாத்திரம் கழுவுற சோப்புல கழுவி ஊத்துனா நுரை அரை நிமிஷத்துல அமுங்கிடுது, கிளாஸ் ஓரமெல்லாம் குமிழி ஒட்டிக்கிட்டு நிக்குது. எண்ணெய்ப் பசையும் சோப்புப் படலமும் இருந்தா அப்படித்தான் ஆகும். சமையல் சோடா போட்டு தேய்ச்சு மூணு தண்ணில அலசி துணியால தொடைக்காம கவுத்து வெச்சேன். சுத்தமான்னு பாக்க ஒரு வழி இருக்கு, ஈரக் கிளாஸ் உள்ள உப்பத் தூவணும், எல்லா எடத்துலயும் சமமா ஒட்டுனா சுத்தம், திட்டுத் திட்டா விட்டா திரும்பக் கழுவணும். ஆறுல ரெண்டு கிளாஸ் மொத தடவ ஃபெயில்.

குளிர்தான் ரொம்ப படுத்துச்சு. ஃப்ரிட்ஜ்லேருந்து 3 டிகிரில எடுத்தா மூக்குல எதுவும் ஏறல, 12 தாண்டுனா இனிப்பு மட்டும் மேல வந்து பீர் சோர்ந்து போகுது. எங்களுக்கு 6-லேருந்து 9 வரைக்கும் நல்லா இருந்துச்சு, 8 டிகிரில மல்லி நல்லா தொறக்குது. ஆனா 34 டிகிரி மாடில அந்த வெப்பநிலைல பாட்டில நிறுத்தி வெக்கணுமே, இதுல கரண்ட் வேற போகுது. துறைமுகத்துப் பக்கம் தெரிஞ்சவர்கிட்ட தெர்மாகோல் பெட்டி வாங்கிட்டு வந்தேன், எத்தன கழுவு கழுவியும் மீன் வாசனை போகல, பாட்டில் மேலயும் ஏறிடுச்சு, அந்த ஒரு சாயங்காலம் வீணா போச்சு. புதுப் பெட்டி 120 ரூபா குடுத்து வாங்குனேன். ஐஸ் 40 ரூபா, பாட்டிலுக்கு வெளிய மட்டும்தான், ஐஸும் தண்ணியும் பாதிப் பாதி போட்டு ஒரு பாட்டில்ல தெர்மாமீட்டர விட்டுப் பாத்துக்கிட்டே இருந்தா சமாளிக்கலாம்.

ஊத்துறதுக்கும் ஒரு முறை இருக்கு, இது எனக்கு மொத ராத்திரியே தெரிஞ்சிருக்கணும். ஈஸ்ட் அடில தங்கியிருக்கும். மூணுல ரெண்டு பங்க மெதுவா ஊத்திட்டு, மிச்சத்தோட பாட்டில சுழட்டி அடில இருக்குறத எழுப்பி மேல ஊத்தணும். அஞ்சு கிளாஸுக்குப் பிரிக்கிறப்போ இதுல ஒரு வம்பு, கடைசி கிளாஸ்ல மட்டும் மண்டி ஜாஸ்தியாகி அவருக்கு மட்டும் வேற பீரு. அதனால மொதல்ல சுத்தமான கண்ணாடி ஜாடிக்கு மாத்தி அதுலேருந்து ஆளுக்கு 60 மி.லி. ஊத்துனோம். நுரை கொஞ்சம் போகத்தான் செய்யுது, அதுக்காக தோற்றத்துக்கான 3 மார்க்க ஜாடிய பாத்தே போட்டோம்.

லேபிள மறைக்குற வேலைய அக்கா பையன் எடுத்துக்கிட்டான், காலேஜ் படிக்கிறான், குடிக்க மாட்டான். கீழ அடுப்பங்கரைல ஊத்தி கிளாஸ்ல மூணு இலக்க நம்பர் ஒட்டி மேல கொண்டு வந்து வெப்பான். 1, 2, 3ன்னு நம்பர் போட்டா மொத நம்பர் மேல ஒரு சாய்வு வந்துடுது, அதனால 417, 268 இப்படி.

நெஜமாவே வித்தியாசம் தெரியுதா, இல்ல நானே கற்பனை பண்ணிக்குறேனான்னு பாக்க எனக்கு மட்டும் மூணு கிளாஸ் சோதனை வெச்சுக்கிட்டேன். மூணுல ரெண்டு ஒரே பீர், ஒண்ணு வேற, அந்த வேறயக் கண்டுபிடிக்கணும். கிளாஸுக்கு 20 மி.லி., ஒரு நாளைக்கு மூணு சுத்து, ரெண்டு நாள். மொத தடவ 6-க்கு 2 சரி. கண்ண மூடிக்கிட்டு கை வெச்சாலே சராசரியா 2 வரும், அப்படின்னா எனக்கு ஒண்ணுமே தெரியலன்னு அர்த்தம். மாதிரித் தண்ணிய தெனம் காலைல மோந்து பழகி ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப செஞ்சப்போ 6-க்கு 5. குருட்டாம்போக்குல 5-ஓ 6-ஓ சரியா வர்றதுக்கு 100-க்கு 2-க்கும் கம்மியான வாய்ப்புதான். அன்னிக்கு நான் பட்ட சந்தோஷத்த வீட்ல யாருக்கும் விளக்க முடியல.

நேத்து கடைசி சுத்து. நாலு பீர், விதத்துக்கு ஒரு பாட்டில், ஆளுக்கு மொத்தம் 240 மி.லி. தான். நடுவுல வாய் கழுவ தண்ணி, உப்புப் போடாத பொரி. அஞ்சு நிமிஷம் யாரும் பேசக் கூடாது, எழுதி முடிச்சப்புறம்தான் பேச்சு.

417: சோறு வடிச்ச கஞ்சில தண்ணி விட்டாப்ல மங்கல் வெளுப்பு, முளைகட்டாத கோதுமைலேருந்து வர்றது அது. நுரை தயிர் கடையறப்போ தெரளுமே அது மாதிரி அடர்த்தி. மல்லி எலுமிச்சைப் பூவா மேல, நாரத்தை பின்னால, நடுவுல சன்னமா ஒரு மிளகுக் காரம், கடைசில லேசான புளிப்போட நறுக்குனு முடியுது. 31, 33, 34, 35, 36. மொத ராத்திரி மச்சான் 22 போட்டு நான் 44 போட்டது இதுக்குத்தான், அக்கா பையன் தாள விரிச்சுக் காட்டுனப்புறம்தான் தெரிஞ்சுது. நான் நேத்து போட்டது 34, மச்சான் 35.

268-ல ஆரஞ்சு மிட்டாய் இனிப்பு, தோலோட கசப்பு இல்ல, குடிச்சு முடிச்சப்புறமும் நாக்குல பாகு மாதிரி நிக்குது, எல்லாரும் 23-லேருந்து 27-க்குள்ள. 903 ரஸ்தாளி, பீரா பாத்தா நல்ல பீர்தான், எனக்குப் பிடிச்சுச்சு, ஆனா இந்த வகைக்கு அது பொருந்தாது, மனசில்லாம 28 போட்டேன். 551-க்குத்தான் வித்தியாசம் ஜாஸ்தி, 8 பாயிண்ட், மல்லி சோப்பா இல்லையாங்குறதுல ரெண்டு கட்சி. ஒரே பீருக்கு ஜட்ஜுங்க மார்க் 7 பாயிண்டுக்குள்ள அடங்கணும்னு போட்டி வழக்கத்துல சொல்வாங்க, அதுபடி மூணு பாஸ், இது ஒண்ணு இல்ல.

செலவு: பீர் ரெண்டு தவணை 3,800, கெடுக்கவும் கலக்கவும் லாகர் ஆறு பாட்டில் 660, கிளாஸ் 510, தெர்மாமீட்டர் 350, பெட்டி 120, ஐஸ் 40, சிரிஞ்ச் 20. மொத்தம் 5,500, ஆளுக்கு 1,100. எடை மெஷின் வீட்லயே இருந்துச்சு, ஒரு கிராமுக்குக் கீழ பிரிச்சுக் காட்டாது, நாரத்தத் தோலுக்கு அது போதல.

அடுத்த தடவ நகை எடை போடுற மாதிரி பாயிண்ட் ஒண்ணு ரெண்டு காட்டுற சின்ன மெஷின் வாங்கணும். மே மாசத்துல வெக்கவே கூடாது, மார்கழில வெச்சா ஐஸ் தொல்லையே இருக்காது. சோப்பு மாதிரின்னு சொல்லிக் காட்டுனேனே அந்த 10 மி.லி. மாதிரிய நேத்து எல்லாருக்கும் மறுபடி மோக்கக் குடுத்துட்டு ஆரம்பிச்சிருந்தா 551-ல சண்டை வந்திருக்காது, அந்த பாட்டில் இன்னொண்ணு தேதி பாத்து வாங்கி வெச்சுருக்கேன், சித்தப்பா பையன் அடுத்த வாரம் வர்றேன்னுருக்கான்.